ரஞ்சிதம் வீட்டில் கெரிஷா

புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் அரைமணி நேரம் போனால் வருகிற அந்த ஊரில் ரஞ்சிதத்தைத் தெரியாதவர்கள் இல்லை. பதினோரு வருடமாக மகளிர் குழுத் தலைவி. ஊரில் முதல் கக்கூஸ் கட்டியதும் அவள் வீட்டில்தான். அதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பாள். கணவன் கோபால்சாமி சாமைக்கொல்லையும் புளியமரங்களும் உண்டு என்று இருப்பவன். வெளி விவகாரமெல்லாம் அவள்தான்.

தொண்டு நிறுவனத்து மணிவேல் ஒருநாள் அவளிடம் வந்தார். பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், நாலு மாதம் தங்க ஒரு வீடு வேண்டும் என்றார். ரஞ்சிதம் யாரையும் கேட்காமல் சரியென்றாள். அந்த வாரக் குழுக் கூட்டத்தில் அவளுடைய முதல் பேச்சே அதுதான். எங்க வூட்டுக்கு வெள்ளைக்காரப் பொண்ணு வருது.

மகள் அன்பரசி திருப்பத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறைக்குப் பெயிண்ட் அடித்து, புதுக் கட்டிலையும் மெத்தையையும் ஜீப் மேல் கட்டிக் கொண்டுவந்தார்கள். ரொட்டி, ஜாம் எல்லாம் வந்தது.

ஜனவரியில் அந்தப் பெண் வந்த அன்று வாசலில் இருபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து கறுத்த, மெலிந்த பெண் ஒருத்தி இறங்கினாள். சுடிதார், எண்ணெய் வைத்த தலை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்குவாள் என்று எல்லோரும் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சின்னக்குழந்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா ரஞ்சிதம், நம்ம கொல்லையில புளி பொறுக்க வந்த பொண்ணாட்டம் இருக்குது."

அவள் பெயர் கெரிஷா. தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்ற ஊர். பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டச் சென்னையில் கப்பல் ஏறிப் போனவராம். அம்மா, ரசம், அரோகரா தவிர வேறு தமிழ் தெரியாது. அன்று சாயங்காலமே ரஞ்சிதம் மணிவேலுக்குப் போன் செய்து வேறு ஆள் இல்லையா என்று கேட்டாள். ஏன் என்றதற்கு, ஊரே சிரிக்கிறது என்றாள். மணிவேல், அப்படியெல்லாம் மாற்ற முடியாதும்மா என்றார்.

கெரிஷா என்ற பெயர் ஊர் வாயில் நுழையாமல் இரண்டே நாளில் கிரிஜா ஆனது. ரொட்டி தீர்ந்தபோது ரஞ்சிதம் மறுபடி வாங்கவில்லை. சாமைச் சோற்றையும் கீரையையும் அவள் ருசித்தே சாப்பிட்டாள். ஒருநாள் தானாக வந்து பாத்திரம் தேய்த்தாள். அடுத்த நாளிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. பிப்ரவரியில் பரீட்சை முடிந்து அன்பரசி நீண்ட லீவுக்கு வந்ததும் கட்டில் அவளுக்குப் போனது. கெரிஷாவுக்குக் கூடத்தில் பாய். ரஞ்சிதம் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அத்தை என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். தலை சீவிவிட்டாள். சொந்தப் பிள்ளையாட்டம் பழகுது என்று எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

வீட்டுக்குத் தூரமாகும் மூன்று நாளும் அந்த வீட்டுப் பெண்கள் ஆட்டுக்கொட்டகையை ஒட்டிப் புளி மூட்டை வைக்கும் தகர அறையில்தான் இருப்பார்கள். கெரிஷாவுக்கு அந்த நாள் வந்தபோது ரஞ்சிதம் ஒரு தட்டையும் பாயையும் கையில் கொடுத்து அறையைக் காட்டினாள். அவள் ஒன்றும் கேட்காமல் போனாள். அங்கிருந்தே பள்ளிக்குப் போய்வந்தாள். இரண்டாம் நாள் மழை பெய்து தகரம் ஒழுகியது.

மார்ச்சில் அவளைப் பார்க்க ஃப்ரெயா என்றொரு பெண் வந்தாள். டென்மார்க்காரி. ஒடுகத்தூர்ப் பக்கம் இவளைப் போலவே பாடம் சொல்லிக்கொடுப்பவள். வாசலில் மறுபடி கூட்டம். ரஞ்சிதம் கோழி அடித்தாள். அன்பரசியை எழுப்பிவிட்டுக் கட்டிலில் புது விரிப்புப் போட்டாள். சாப்பாட்டுக்கு நடுவில் ஃப்ரெயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"அவங்களுக்கு பீரியட்ஸாம்மா," என்றாள் அன்பரசி. "மாத்திரை இருக்குதான்னு கேக்கறாங்க."

ரஞ்சிதம் ஓடினாள். மாத்திரை கொடுத்தாள், சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்துத் தலையணையைச் சரிசெய்தாள். திரும்பியபோது கதவோரத்தில் கெரிஷா நின்றிருந்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்குத் தமிழ் கொஞ்சம் வந்திருந்தது.

"அத்தே, அவங்க புளி ரூமுக்குப் போக வேணாமா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. வீட்டு வழக்கத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவங்க வேறம்மா."

"வேற இன்னா?"

விருந்தாளி என்று சொல்ல ரஞ்சிதம் வாயெடுத்தாள். அப்படியென்றால் இவள் யார்? அன்பரசி தாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் குனிந்ததைப் பார்த்ததும்தான் ரஞ்சிதத்துக்குக் கூசியது. அடுப்படிக்குப் போய், எரியாத அடுப்பின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஃப்ரெயா போனபின் ரஞ்சிதம் கெரிஷாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். பாய் போதும் அத்தே என்றாள் கெரிஷா. பாத்திரங்களை அவள் கையிலிருந்து ரஞ்சிதம் வாங்கினாள்; கெரிஷா விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அடுத்தமுறை தூரமானபோது, யாரும் சொல்லாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். ரஞ்சிதம் குறுக்கே நின்று, உள்ளேயே இருக்கச் சொன்னாள்.

"அன்பரசி போறாங்க இல்ல?" என்றாள் கெரிஷா.

அன்றைக்கு ரஞ்சிதம், இனிமே ரெண்டு பேருமே போக வேணாம் என்று சொல்லிவிட்டாள். கோபால்சாமி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் தங்கை வீட்டில் சாப்பிட்டான். காரணம் என்னவென்று அவனிடம் அவள் சொல்லவில்லை.

ஏப்ரலில் கெரிஷா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளும் ரஞ்சிதமும் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்த அன்று வேறு ஆள் கேட்டு மணிவேலுக்குப் போன் போட்டதை ரஞ்சிதம் தானாகவே சொன்னாள். நிமிர்ந்து பார்க்காமல், கொட்டையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கே தெரியும் அத்தே. உங்க முகத்துல தெரிஞ்சுது." என்றாள் கெரிஷா. "எங்க அம்மாகிட்ட எதுவும் சொல்லல. நான் நம்ம சனங்க வூட்ல இருக்கேன்னு அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

ரஞ்சிதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கெரிஷா அவளைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. புளியை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடக் கடைசியில் மணிவேல் மறுபடி வந்தார். இன்னொரு பெண் வருகிறாள் என்றார். வேலை அதிகம், முடியாது என்றாள் ரஞ்சிதம். அவருக்கு ஆச்சரியம். "போன தடவை வந்த பொண்ணு உங்களப் பத்தி எவ்வளவு நல்லா எழுதிக் குடுத்துச்சு தெரியுமாங்க?" என்று போனில் தேடி எடுத்து, தமிழில் சொன்னார். அந்த வீட்டில் என்னைச் சொந்தப் பெண்ணைப் போல வைத்திருந்தார்கள்.

கெரிஷா அதைப் பெரிய மனதோடு எழுதினாளா, நடந்ததை அப்படியே எழுதினாளா என்று ரஞ்சிதத்துக்கு விளங்கவில்லை. மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, வேற வூடு பாருங்க சார் என்று சொல்லிவிட்டு, அவருக்கு டீ போட உள்ளே போனாள்.