தமிழ்வாணி வைத வசவு

காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேல், ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டிய அறை ஒன்று உண்டு. அதுதான் வக்கீல் தமிழ்வாணியின் ஆபீஸ். வக்கீலும் அவளே, குமாஸ்தாவும் அவளே, கூட்டிப் பெருக்குகிறவளும் அவளே. சோணையம்மாள் வழக்கை எடுத்த வாரத்தில்தான் கண்ணாடி உடைந்தது. கல்லெறிந்தவனை மாடியிலிருந்தே அவள் வைத வசவில், கீழே பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த வாய் சும்மா வந்ததில்லை. பேரையூர்ப் பக்கம் கூலிக்காரக் குடும்பம் அவளுடையது. கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக அவள் அப்பனைக் களத்தில் வைத்துச் சாட்டையால் உரித்தார்கள். ஊரே பார்த்தது. போலீஸ் வந்து கேட்டபோது எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. அந்த ஆத்திரத்தில்தான் அவள் சட்டம் படித்தாள். அடித்தவனைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவாள் போல. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களை மன்னிக்கவே மாட்டாள்.

சோணையம்மாளின் புருஷன் கருப்பு, தான் கூலிக்குப் போன ஜெயபாண்டியின் நிலத்தை ஒட்டி அரை ஏக்கர் வாங்கினான். வாங்கியது மட்டும்தான் அவன் செய்த குற்றம். "எங்கிட்ட கூலி வாங்குன பய எனக்கு வரப்புக்கு வரப்பாடா?" என்று ஜெயபாண்டி அரிவாளோடு வந்தான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. ஓடியவனைக் கிணற்றடி வரை விரட்டிப்போய்க் கழுத்தில் போட்டான். பொழுது சாய்கிற நேரம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மாட்டை அவிழ்க்க வந்த சோணையம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். ரத்தம் அவள் சேலையில் தெறித்தது. பக்கத்து வயல்களில் நின்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று கண் அவிந்துபோயிற்று.

கொலை வழக்கை நடத்துவது அரசு வக்கீல். தமிழ்வாணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். எழுந்து கேள்வி கேட்க முடியாது. அவளால் முடிந்தது, இருக்கிற ஒரே சாட்சியை உடையாமல் வைத்திருப்பது. எதிர்த்தரப்பு வக்கீல் சின்னச்சாமி, ஆம்பளையையே கூண்டில் அழவிடுகிறவர் என்று பேர் வாங்கியவர். அதனால் ஒத்திகைக்குத் தமிழ்வாணியே சின்னச்சாமி ஆனாள். சோணையம்மாளை நிற்க வைத்து, மேசையில் ஓங்கி அடித்து, கத்தினாள்.

"ஒம் புருஷன் குடிச்சிட்டு விழுந்து செத்தான். பொய்யா சொல்ற? யார்ட்ட காசு வாங்குன? நீ எவன்கூட இருந்தங்கிறது ஊருக்கே தெரியும்டி!"

முதல் நாள் சோணையம்மாள் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அடுத்த முறை காதைப் பொத்திக்கொண்டாள். தமிழ்வாணி விடவில்லை. போகப் போக சோணையம்மாள் கல்லாகிப் போனாள். எவ்வளவு கேவலமாகக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஜெயபாண்டிதான் வெட்டுனான். எங் கண்ணால பாத்தேன்."

தமிழ்வாணி அவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

கோர்ட்டில் சின்னச்சாமி எழுந்தார். கத்தவில்லை. "அய்யா, அவங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க. ஒரு நாற்காலி போடச் சொல்லணும்" என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சாட்சியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறீங்க. ஒங்கள நான் கஷ்டப்படுத்த மாட்டேன் தாயி. பொழுது மசங்கிருச்சு, கண்ணுல தண்ணி வேற. வெட்டுனவன் மூஞ்சி சரியாத் தெரிஞ்சிருக்காது, இல்லீங்களா?"

வெள்ளைச் சட்டை போட்ட மனுஷன் ஒருவன் சோணையம்மாளை 'நீங்க' என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனுஷர் இறங்கிவந்து தன்மையாக ஒன்று சொன்னால், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆமாங்கய்யா என்று சொல்லிவிட்டு, தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அது சம்மதமே இல்லை, கும்பிடு போடுகிற மாதிரி ஒரு மரியாதை. அதே தெருவில் பிறந்த தமிழ்வாணிக்கு இது நினைவுக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது.

"ஆமாங்கய்யா" என்றாள் சோணையம்மாள்.

"சொந்தக்காரங்க சொல்லித்தான் ஜெயபாண்டி பேரைக் குடுத்தீங்க?"

"ஆமாங்கய்யா."

தமிழ்வாணி சட்டென்று பக்கத்தில் திரும்பினாள். "திருப்பிக் கேளுங்க சார், ஒரே ஒரு கேள்வி கேளுங்க" என்று அரசு வக்கீலின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் கையை உருவிக்கொண்டார். "மறுவிசாரணை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கேஸ் கட்டை மூடினார்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ஜெயபாண்டியை விட்டார்கள். அன்று சாயங்காலமே அவன் சோணையம்மாள் வாசலில் சரவெடி கொளுத்தினான். டிராக்டரை விட்டுக் கருப்பின் அரை ஏக்கரை வரப்போடு சேர்த்து உழுது தள்ளினான். கிணற்றடியில் நின்று மூத்திரம் பெய்தான்.

மறுநாள் சோணையம்மாள் காளவாசலுக்கு வந்தாள். படியேறி வந்தவளைப் பார்த்ததும் தமிழ்வாணிக்குக் கண்மண் தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அவளை அறையக் கையையும் ஓங்கிவிட்டாள்.

"ஒம் புருஷன அவன் ஒரு தடவதாண்டி கொன்னான்! கோர்ட்டுல வச்சு நீ ரெண்டாந்தடவ கொன்னுட்ட!"

சோணையம்மாள் விலகவில்லை. அழவுமில்லை. ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு வைவாருன்னுதானம்மா சொன்னீக. அவரு வையவே இல்லையே. இந்த வழக்குல என்னைய வைஞ்சது நீங்க ஒருத்தர்தான்."