கொண்டையில் வந்த எண்ணெய்

வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அரிசியோ எண்ணெயோ கேட்டைத் தாண்டாது. பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் ஆயாக்கொட்டகையோ கேட்டுக்கு வெளியே இருந்தது. கண்ணாடியில்லாத அதன் ஜன்னலைத் திறந்தால் பனி. பலகையால் அடைத்தால் இருட்டு. என் கைக்குழந்தை இருமிக்கொண்டே கிடந்தாள்.

ஆலை ஸ்டோரில் யுத்தகாலத்துப் பிளாஸ்டிக் தகடுகள் இருந்தன. கண்ணாடிக்குப் பதில் மாட்டலாம். ஆனால் கீறல் விழாமலிருக்க ஒட்டிய காகிதம், பழசாகித் தகட்டோடு ஒன்றிப்போயிருந்தது.

"உரிச்சா எடுத்துக்கோ. இல்லேன்னா சனிக்கிழமை குப்பையோட கொளுத்திடுவேன்" என்றார் ஸ்டோர் கணக்கைப் பார்க்கும் கிராணி.

ஆலையில் மெஷின் துடைக்கும் மகா நிபுணனல்லவா நான்! கவாத்துக் கத்தியால் சுரண்டினேன். காகிதம் சிரித்தது, தகடு பூனையிடம் பிறாண்டல் வாங்கிய முகமானது. வெந்நீர் ஊற்றினேன், நனைந்தது என் சட்டை. அலுத்துப்போய் இன்னொரு தகட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். விழித்தால், தலையெண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் காகிதம் இளகி உரிந்தது. என் தலை உருப்படியாகச் செய்த முதல் வேலை.

வீட்டு எண்ணெய் கேட்டைத் தாண்டாது; ஸ்டோரில் மண்ணெண்ணெய் கேட்டேன். கிராணி ஒரு சொட்டும் தரவில்லை.

"தலையில தேய்ச்சத கேட்டுல வழிச்சா எடுத்துருவாங்க?" என்றாள் என் மனைவி.

மறுநாள் கொழுந்துக்காரிகள் அத்தனை பேரும் கொண்டைக்குள் எண்ணெயோடு வந்தார்கள். மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் வெண்ணெய்போல உறைந்து நின்றது. கேட்டுக் காவல்காரன் திகைத்தான்.

"என்னாக்கா, இன்னிக்குத் தீபாவளியா?"

"ஆமா தம்பி. ஒனக்கும் வைக்கவா? தலையக் குனி லா!"

வழித்ததைக் காகிதத்தில் பூசி, தகடுகளைக் கொழுந்து உலர்த்தும் அடுப்பருகே சாத்தினேன். வெள்ளிக்கிழமை காலை காகிதம் வாழைப்பழத்தோலாகக் கழன்றது. மத்தியானம் ஆயாக்கொட்டகையில் ஜன்னல் நின்றது.

கிராணி வந்தார். "எண்ணெய் எப்படி வெளிய வந்துச்சு? கழட்டுடா!"

என் கை பழக்கதோஷத்தில் திருப்புளியைத் தேடியது. மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தாராளமா கழட்டுங்க கிராணியாரே. நாளையிலேர்ந்து பிள்ளைங்கள ஒங்க ஆபீஸ் மேசையில படுக்கப் போட்டுட்டுப் போறோம். அங்கதான் நல்ல கண்ணாடி இருக்கு."

பின்னால் கொழுந்துக்கூடைகள் நெருங்கி வந்தன. உள்ளே ஒரு பிள்ளை பாயை நனைத்துக்கொண்டிருந்தது. கிராணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் மேசையை நினைத்திருப்பார். திரும்பி ஆபீசுக்குப் போய்விட்டார். ஜன்னலை யாரும் தொடவில்லை.