அப்புத்துரையின் கணினி நூல்கள்

அப்புத்துரை என் தாயாரின் ஒன்றுவிட்ட தம்பி. அக்கராயனில் கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர். போர்நிறுத்தச் சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் பயிற்றுநர் பதவி தமக்கே உரியது என்று அவர் தீர்மானித்தார். கணினியைத் தொட்டதேயில்லை என்பது அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை. விண்டோஸ் இயங்குதளத்துக்கு ஒரு நல்ல வழிகாட்டி நூல் கிடைக்காமல் அதைத் தொடுவது ஒழுக்கக்கேடு என்பதே அவரது கொள்கை.

ஆகவே மாதந்தோறும் வவுனியாவுக்குப் போய், மஹ்றூப்பின் புத்தகக் கடையில் நின்றார்.

“போன மாசம் எடுத்தது சரியில்லையா ஐயா?”

“அதிலை எழுத்துப் பிழை இருக்கு. எழுத்துப் பிழை விடுறவன் விண்டோஸை எப்பிடி விளங்கப்படுத்துவான்?”

“அப்ப இதக் கொண்டுபோங்க. இத ஒருத்தரும் குறை சொன்னதில்ல.”

“வாசிச்சவை இருக்கினமோ?”

“வாங்கினவங்க இருக்காங்க.”

திரும்பும்போது ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் அந்நூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அவற்றைக் கடைசிப் பக்கம்வரை புரட்டியவர்கள் அவர்கள் மட்டுமே. அப்புத்துரை முன்னுரையைத் தாண்டுவதற்குள் அதைவிடச் சிறந்த நூலைப் பற்றிக் கேள்விப்பட்டுவிடுவார்.

“பின்னேரத்திலை ஆரும் அந்த நிலையத்துக்குப் போய்ப் பழகலாமாம். ஒருக்கால் தட்டிப் பாருங்கோவன்,” என்றார் மனைவி கமலாசனி.

“தட்டிப் பழக அது தவிலோ?”

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த கிருசாந்தி என்ற பொறியியலாளரே பயிற்றுநரைத் தெரிவு செய்வதாக இருந்தது. அவருக்கு வசதிப்பட்ட ஒரே நாள் சரஸ்வதி பூசை நாள். அப்புத்துரையின் நூல்கள் யாவும் சந்தனப் பொட்டுடன் கும்பத்தின் முன் இருந்தன. விஜயதசமிவரை எழுத்துள்ள எதையும் வாசிக்கக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். மருந்துப் போத்தலின் ஒட்டுச்சீட்டுக்கும் விலக்கில்லை.

தேர்வுக்கு வந்தவர்கள் இருவர்: அவரும், உயர்தரப் பரீட்சை முடித்த நிருஷன் என்ற பையனும். ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் ஒரு கடிதத்தைச் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புத்துரை கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

“புத்தகம் பாத்தும் செய்யலாம் அங்கிள்,” என்றார் கிருசாந்தி.

“எல்லாம் பூசையிலை இருக்குது பிள்ளை.”

“பரவாயில்லை. இந்தப் பொத்தானை அமத்துங்கோ, வழிகாட்டி உள்ளுக்கையே இருக்கு.”

அமத்தினார். திரை முழுவதும் விளக்கம் விரிந்தது. அத்தனை காலமாக வவுனியாவில் தேடிய நூல், கணினிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“ஏன் அங்கிள்?”

“இதுவும் புத்தகம்தானே. இண்டைக்கு வாசிக்கப்படாது.”

நிருஷன் வாசித்தான், பதவியும் பெற்றான். வெறுங்கையுடன் திரும்பியவரிடம் கமலாசனி கேட்டது ஒன்றுதான்: “கும்பத்துக்கு முன்னாலை அந்தக் கொம்பியூட்டரையும் வைச்சவையோ?”

விஜயதசமிக்குப் பின் அப்புத்துரை மாணவராகவேனும் சேரலாமென்று நிலையத்துக்குப் போனார்.

“தம்பி எந்தப் புத்தகம் பாத்துப் படிப்பிக்கிறீர்?”

“புத்தகமெண்டு ஒண்டுமில்லை ஐயா. தட்டித் தட்டித்தான்.”

புத்தகமில்லாத ஆசிரியரிடம் கற்பதற்கு அவர் மரபு இடந்தரவில்லை. சேராமலே திரும்பினார்.

எங்கள் குடும்பப் பதிவேட்டை நான் புதுக்கியபோது, தம் பெயரின் கீழ் ‘கணினி வல்லுநர்’ என்று எழுதும்படி கேட்டார். சான்று கேட்டேன், நூல்களைக் கொண்டுவந்து அடுக்கினார். ‘கணினி நூல்கள் உடையவர்’ என்று பதிந்தேன். எழுத்துப் பிழை இல்லை என்று சரிபார்த்து, மனநிறைவோடு கையொப்பமிட்டார்.