கொட்டாஞ்சேனையில் ஒரு வெட்டாத நூல்கண்டு

வியாழன், காலை 10.20. கட்டுநாயக்க விமான நிலையம்.

சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கோவையிலிருந்து சென்னை வர எனக்கு அதைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்திருந்தது. பெட்டியில் துணிமணி கொஞ்சம், மிச்சமெல்லாம் புத்தகம். சிறுவர்களுக்காக நானே எழுதி, நானே படம் வரைந்த இருபத்திரண்டு புத்தகங்களிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து வந்திருந்தேன். எல்லாம் கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிப்பு அறைக்கு அன்பளிப்பு.

இருபத்துமூன்றாவது புத்தகம் கைப்பையில் தனியாக இருந்தது. அதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். தமிழில் வரும் சிறுவர் புத்தகங்களைப் புரட்டினால் ஒரே மாதிரிக் குழந்தைதான் திரும்பத் திரும்ப வரும். அதே சாயல், அதே வீடு, அதே சாமி படம். அதை மாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, கொழும்பில் ஒரு தெருவையும் அதில் நான்கு வீடுகளையும் வரைந்தேன். ஒரு தமிழ் இந்து வீடு, ஒரு முஸ்லிம் வீடு, ஒரு கத்தோலிக்க வீடு, ஒரு சிங்கள வீடு. கொழும்பை நான் பார்த்ததே இல்லை. இணையத்தில் படங்கள் பார்த்து வரைந்தது. வாசிப்பு அறையை நடத்தும் ஸ்டெல்லா இதைக் கேள்விப்பட்டு, "அச்சடிக்க முன்னம் எங்கட பிள்ளைகளிட்ட ஒருக்கா காட்டுங்கோ" என்று எழுதியிருந்தார். சிவகாசி அச்சகத்தில் எல்லாம் தயார். சனிக்கிழமை நண்பகலுக்குள் நான் சரி சொல்லவேண்டும். இல்லையென்றால் பள்ளி திறக்கும் நேரத்துக்குப் புத்தகம் வராது, இந்த வருடம் போனது போனதுதான்.

பிள்ளைகள் கைதட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்ளலாம், திரும்பி வரலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

வியாழன், பிற்பகல் 1.00. வெள்ளவத்தை.

விமான நிலையத்திலிருந்து 187ஆம் இலக்கப் பேருந்தில் கோட்டைக்கு வந்தேன். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கட்டணம் முந்நூறு ரூபாய். அங்கிருந்து ரயில். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று நிலையங்கள் வர வர, கடல் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பாறையில் மோதிய அலையின் தூறல் என் கண்ணாடியில் தெறித்தது. எதிரில் இருந்த பெண்மணி தன் கைக்குட்டையை நீட்டி, "துடைச்சுக்கொள்ளுங்கோ, உப்புப் பட்டா மங்கிப்போடும்" என்றார். நான் தமிழ் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "நீங்க ஏறினதில இருந்து தனியாக் கதைச்சுக்கொண்டுதானே வாறீங்க" என்றார். எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்தில் விடுதி. காலி வீதியில் புடவைக் கடையும் நகைக்கடையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒரு கடைக்காரர் ஒரே மூச்சில் ஒரு வாடிக்கையாளரிடம் சிங்களத்திலும் அடுத்தவரிடம் தமிழிலும் பேசி, நடுவில் யாரிடமோ ஆங்கிலத்தில் கோபித்துக்கொண்டார். எந்த மொழியிலும் அவர் தடுக்கி விழவில்லை. வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் என் புத்தகம் சரியான புத்தகம் என்ற மிதப்பு வேறு.

வெள்ளி, பிற்பகல் 2.15. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு.

155ஆம் இலக்கப் பேருந்து. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் "கொட்டாஞ்சேனை" என்றேன். "இந்தியாவா?" என்று தமிழுக்கு மாறிக்கொண்டார். "ஆமாங்க." "இருங்க, இடம் வந்தா நான் சொல்றேன். நீங்களா இறங்கிட வேணாம்." மருதானையில் நானாக இறங்கப் போனேன். அங்கிருந்தே சத்தம் போட்டு உட்கார வைத்தார்.

கொட்டாஞ்சேனையில் பேராலயத்தின் குவிமாடம் கம்பிகளுக்கும் கூரைகளுக்கும் மேலே வெண்மையாக எழுந்து நின்றது. கோயில் மணி எங்கோ ஒலித்தது. துறைமுகப் பக்கமிருந்து லாரிகள் உறுமின. ஸ்டெல்லா தெருமுனையில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கப்பல் அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் பிள்ளைகளுக்காக வாசிப்பு அறையைத் திறப்பார், வெள்ளிக்கிழமைகளில் மூன்றரைக்கே, சனிக்கிழமைகளில் காலையிலேயே. இரும்புக் கடை ஒன்றின் மாடியில் அந்த அறை. படி ஏறி உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்கப் புத்தகங்கள். அவற்றின் அடியிலிருந்து நூல்கள் தொங்கின. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். சில புத்தகத்தில் ஒன்றிரண்டு, சிலவற்றில் குஞ்சம்போல் ஒரு கற்றை. மின்விசிறிக் காற்றில் அறையே மெல்ல அசைந்தது.

"இது என்னங்க?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறத்தில நூல்கண்டு குடுத்திருக்கிறம்" என்றார் ஸ்டெல்லா. "ஒரு பக்கத்தில தங்களைக் கண்டா, துண்டு வெட்டி அதில வைப்பாங்க. நூல் விழுந்த புத்தகம் எல்லாம் கீழ, கைக்கு எட்டுற மாதிரி. ஒண்டுமே விழாத புத்தகம் மேல் தட்டுக்கு. பக்க அடையாளத்துக்கு எண்டுதான் நான் நூல் வாங்கினது. மத்தது எல்லாம் பிள்ளைகள் போட்ட சட்டம்."

ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். மூன்று நூல்கள் ஒரே பக்கத்தில். குழாயடியில் ஒரு பூனை தூங்கும் படம், மூலையில் வாளிகள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "எங்கட வீட்டிலயும் விடியக்காலையில மட்டும்தான் தண்ணி வரும். வாளி இப்பிடித்தான் அடுக்குவம்" என்றான். அந்தப் படத்தை வரைந்தவர் பூனையைத்தான் வரைந்திருப்பார். பிள்ளைகள் வாளியில் தங்களைக் கண்டிருந்தார்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், வாசிப்பு என்றால் என்னவென்று யாரும் இப்படிக் காட்டியதில்லை.

நூல்கண்டுகள் ஒரு பிஸ்கட் தகரத்தில் பெயர் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் இளைத்துப்போயிருக்க, ஊதாக் கண்டு ஒன்று மட்டும் கடையில் வாங்கியபடியே கொழுத்துக் கிடந்தது. "அது ஷெனாலியின்ட" என்றார் ஸ்டெல்லா, குரலைத் தாழ்த்தி. "மூண்டு வருசமா வாறா. இங்க உள்ள எல்லாத்தையும் வாசிச்சிட்டா. இன்னும் ஒரு துண்டு வெட்டேல்ல."

ஷெனாலிக்குப் பன்னிரண்டு வயது. ஜன்னலோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகவே என் புத்தகத்தை வரைந்ததுபோல எனக்குத் தோன்றியது. இன்றைக்கு அந்த ஊதா நூல் வெட்டப்படும் என்று மனதுக்குள் பந்தயமே கட்டினேன்.

வாசித்தேன். நான்கு வீடுகள், நான்கு கதவுகள். முதல் வீட்டில் பொங்கல், வாசலில் கோலம். இரண்டாவதில் பெருநாள், புது உடுப்பு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், சாப்பாடு. மூன்றாவதில் நத்தார் என்கிற கிறிஸ்துமஸ், பாலன் குடில். நான்காவதில் புத்தர் பிறந்த நாளுக்கு ஏற்றும் வெசாக் கூடு, காகித விளக்கு. பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். பிறகு கத்தரிக்கோல் சுற்றி வந்தது.

ரிஃப்கா என்ற சிறுமி பச்சை நூலைப் பெருநாள் பக்கத்தில் வைப்பாள் என்று பார்த்தேன். அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே தெருநாய்க்குப் பயந்து ஒரு பையன் மதிலில் ஏறி நிற்பான். நூலை அங்கே வைத்தாள்.

"உங்க வீடு இங்கே இருக்கே, கண்ணு?" என்று பெருநாள் பக்கத்தைக் காட்டினேன். சும்மா இருந்திருக்கலாம்.

"எங்கட ஊட்டுல எல்லா நாளும் பெருநாளா, ஆன்ட்டி?"

அறை குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முகம் சூடேறிவிட்டது. நான்கு வீட்டையும் நான் பண்டிகை நாளில்தான் வரைந்திருந்தேன். ஒரு வீட்டிலும் யாரும் துணி துவைக்கவில்லை, வீட்டுப்பாடம் எழுதவில்லை, சண்டை போடவில்லை.

ஷெனாலி புத்தகத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டினாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நான் எந்த வீட்டுக்க போறது, ஆன்ட்டி?"

அவள் அம்மா கொட்டாஞ்சேனைத் தமிழ்க் கத்தோலிக்கர். அப்பா சிங்களம், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். "அப்பா சிங்களத்தில கேப்பார். அம்மா தமிழில பதில் சொல்லுவா. ஒருத்தரும் ஒருத்தருக்கும் மொழிபெயர்க்கிறதில்ல. நீங்க மூணாம் வீட்டையும் நாலாம் வீட்டையும் தனித்தனியா கீறியிருக்கிறீங்க. எங்கட வீட்டுக்கு ஒரு கதவுதான்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. வழி கேட்கும் குரல். அதுதான் என்னைச் சுட்டது. ஊதாக் கண்டு தகரத்துக்குள் திரும்பிப் போனது.

வெள்ளி, மாலை 6.10. வெள்ளவத்தைக் கடற்கரை.

பதிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, அச்சை நிறுத்தச் சொன்னேன்.

"என்னம்மா விளையாட்டா? தேதி வாங்க எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? பிள்ளைகளுக்குப் பிடிச்சுதா இல்லையா?"

"பிடிச்சுது. சிரிச்சாங்க, கைதட்டினாங்க."

"அப்புறம் என்ன?"

"ஒரு பொண்ணுக்கு உள்ளே போக வழி இல்லைங்க."

அந்தப் பக்கம் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளை பன்னிரண்டு மணி வரைக்கும் அச்சகத்துக்கு நான் எதுவும் சொல்லல. யோசிங்க" என்று வைத்துவிட்டார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. விடுதிக்குப் போய்ப் பென்சிலை எடுத்தேன்.

சனி, காலை 9.30. மீண்டும் கொட்டாஞ்சேனை.

ஒரு சமையலறையை வரைந்திருந்தேன். பண்டிகை கிடையாது, சாதாரணச் செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்த அப்பா கதவருகே காலணியைக் கழற்றுகிறார். அம்மா அடுப்படியில். மகள் மேசையில் வீட்டுப்பாட நோட்டோடு. அப்பாவின் பேச்சுக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். எனக்குச் சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாது.

ஷெனாலி பென்சிலை வாங்கி, அந்த வெற்றிடத்தில் வட்ட வட்டமாக எழுதினாள். "தே தியெனவத?" என்று வாசித்தும் காட்டினாள். தேநீர் இருக்கிறதா என்று அர்த்தம். அம்மாவின் பக்கத்தில் தமிழில், "கேத்தில்ல இருக்கு, ஊத்திக் குடிங்க" என்று எழுதினாள். "கீழ அர்த்தம் போடக்கூடா" என்று எச்சரிக்கையும் செய்தாள். "படம் பார்த்தா விளங்கும்தானே."

விளங்கியது. அந்த ஒரு பக்கம் என் இருபத்துமூன்று புத்தகங்களையும் விட உயிரோடு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் நிறுத்தினாள். "ஆன்ட்டி, உங்கட வீட்டில என்ன பாஷை கதைப்பீங்க?"

"தெலுங்கு."

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தார். "நீங்க தமிழ் எழுத்தாளர் எல்லோ?"

"கோயம்புத்தூர்ல எங்களை மாதிரி நிறையப் பேருங்க. அம்மாகிட்ட தெலுங்கு. வாசல் தாண்டினா தமிழ். பள்ளிக்கூடம், கதை, கணக்கு, எல்லாம் தமிழ்தான்."

"அப்ப எங்கட வீடு மாதிரித்தான்" என்றாள் ஷெனாலி, மகிழ்ச்சியோடு. மேசையில் அடுக்கியிருந்த என் இருபத்திரண்டு புத்தகங்களைக் காட்டினாள். "அது இதில எந்தப் புத்தகத்தில வருது? தாங்கோ, வாசிக்கிறன்."

நான் அடுக்கைப் பார்த்தேன். முதுகுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஒண்ணுலயும் இல்ல."

அவள் தகரத்திலிருந்து ஊதாக் கண்டை எடுத்தாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்க நூலை வெட்டி, சமையலறைப் பக்கத்தில் வைத்தாள். அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று கத்தினார்கள். கீழே இரும்புக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார். மணி பதினொன்று நாற்பது. பதிப்பாளரை அழைத்து, புத்தகம் இந்த வருடம் வராது, நான்கு வீட்டையும் முதலிலிருந்து வரையவேண்டும் என்றேன். அவர் திட்டினார். பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வருடம்" என்றார்.

கிளம்பும் முன் முக்காலியில் ஏறி, என் புத்தகங்களை நானே மேல் தட்டில் அடுக்கினேன். ஸ்டெல்லா தடுத்தார். "பிள்ளைகள் இன்னும் வாசிக்கவே இல்லையே மிஸ், அவங்க நூல் வைக்கலாம்தானே."

"அவங்க எடுத்துக் கீழே வைக்கட்டும்ங்க" என்றேன்.

சனி, மாலை 5.30. கட்டுநாயக்க.

விமானத்துக்குக் காத்திருக்கையில் அம்மா அழைத்தார். எடுத்ததும் வழக்கமான கேள்விதான். "அன்னம் தின்னாவா?" சாப்பிட்டாயா என்று. கோவையில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் நாற்பத்தேழு வருடமாக என் காதில் விழும் கேள்வி. உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் வரையக் கிளம்பியவள், அதை ஒருநாளும் ஒரு தாளில் எழுதியதில்லை. "இரும்மா" என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டின் புதுப் பக்கத்தில் அம்மா கேட்டதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினேன். அர்த்தம் போடவில்லை.

"ஏன்டி பேச மாட்டேங்கறே?" என்றார் அம்மா, தெலுங்கில்.

"எழுதிட்டிருக்கேம்மா" என்றேன், நானும் தெலுங்கில்.