நான் ஓடப் போன நேரம்

ஐம்பத்திரண்டு வயதில்தான் நான் ஓடத் தொடங்கினேன். அதுவரை எனக்கு ஓட்டம் என்றால் பஸ் ஓட்டம். பலாலி வீதியில் இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன் நான். இருந்தபடியே உழைத்த உடம்பு, வயிறு ஸ்டியரிங்கில் முட்டும். தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்கி டீசல் வராமல் போனதும் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டில் குந்தினேன். அப்போதுகூட ஓடவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. விடிய வெள்ளன எழும்பி ஓடித் திரிகிற கிழடுகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கோப்பாயில் அப்படி நாலைந்து பேர் இருந்தார்கள். பிள்ளைகளையெல்லாம் கனடா, லண்டன் என்று அனுப்பிவிட்டு வீட்டில் கதைக்க ஆளில்லாத ஒரு வாத்தியார். சீனி வருத்தத்துக்கு மருந்து கிடைக்காததால், ஓடினால் சீனி இறங்கும் என்று யாரோ சொன்னதை நம்பிய ஒரு கடைக்காரர். ரெயில் ஓடாத ஊரில் இன்னும் 'ரெயில் கார்ட்' என்றே எல்லோரும் சொல்லும், அறுபது தாண்டிய ஒருவர். தோட்டக்காரன் ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவனுக்கு ஓட எங்கே நேரம்? ஒரு நேரச் சாப்பாட்டுக்கே இழுபறிப்படுகிற காலத்தில் பசியை வரவழைக்க ஓடுகிறார்களே, விசரர்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன். ஊரில் எல்லோரிலும் குறை பிடிக்கிற எனக்கு விசரன் என்று யார் பெயர் வைப்பது என்று அவள் கேட்பாள்.

அவளுக்கு மார்பில் புண் இருந்தது. முதலில் ஒரு சின்னக் கட்டி. அதை மறைத்து மறைத்து வைத்திருந்தாள். என்னிடம் காட்டியபோது அது உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொழும்புக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியில் இரவில் படகேறி, நேவிக்காரனின் சூட்டுக்குத் தப்பிக் கடல் தாண்டவேண்டும். "செத்தால் என்ரை வீட்டிலை சாவன். கடலுக்கை சாக எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கதை அதோடு முடிந்தது. கிழமைக்கு இரண்டு தரம் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது, அவ்வளவுதான் மிச்சம். நோவுக்குப் போடுகிற நல்ல மருந்துகள் யாழ்ப்பாணத்துக்குள் வருவதே இல்லை.

கோப்பாயிலிருந்து மானிப்பாய்க்கு அவளைச் சைக்கிள் கரியரில் தலையணை வைத்து இருத்திக்கொண்டு போவேன். ஆயிரம் சனத்தை ஏற்றி இறக்கியவனுக்கு, கட்டின மனைவியை ஏற்றிப் போக ஒரு பழைய சைக்கிள்தான் இருந்தது. சைக்கிள் ரயரும் அரசாங்கம் உள்ளே விடாமல் தடைசெய்த சாமான். காசு இருந்தாலும் கடையில் இல்லை. பின் ரயர் வெடித்த இடத்தில் வேறொரு ரயரை வெட்டிச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தேன். சில்லு ஒவ்வொரு தரம் சுற்றும்போதும் அந்தக் கட்டு நிலத்தில் குத்தும். குத்தும்போதெல்லாம் சைக்கிள் துள்ளும், புண்ணும் துள்ளும். அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இருப்பாள். நோகுதோ என்று கேட்டால், கொஞ்சம் என்பாள். வழியில் உள்ள திருநெல்வேலிச் சந்தைக்கு வருவதற்குள் தலைப்பு ஈரமாகிவிடும். எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியாமல் ரோட்டைத் திட்டிக்கொண்டு மிதிப்பேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் விளையாட்டுக் கழகம் ஓட்டம், பாய்ச்சல் என்று மெய்வல்லுநர் போட்டி வைக்க முடிவெடுத்தது. திருநெல்வேலிச் சந்தை வியாபாரி ஒருவர் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த புத்தம் புதிய சைக்கிள் ரயர் ஒரு சோடியைப் பரிசுக்கென்று கொடுத்திருந்தார். அது இளைஞர் ஓட்டத்துக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு பார்த்தால், இளைஞர் ஓட்டத்துக்கு ஆள் சேரவில்லை. பெடியளில் பாதிப்பேர் வெளிநாடு, மிச்சப்பேர் இயக்கம், மிச்சத்தில் மிச்சம் மண்ணுக்குள். ஆகவே ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மூத்தோர் ஓட்டத்துக்கு அந்த ரயர் என்று எழுதிச் சனசமூக நிலையத்தில் ஒட்டினார்கள். நான் அதை வாசித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, பழைய காற்சட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன்.

முதல் நாள் கழகத்து விளையாட்டு வெளியை ஒரு தரம் சுற்றி வருவதற்குள் சத்தி எடுத்தேன். வாத்தியார் என் முதுகைத் தடவிவிட்டார். அவர்கள் ஒருவரும் என்னைப் பகிடி பண்ணவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். நாள் போகப் போக மூச்சுப் பிடிபட்டது, வயிறு உள்ளே போனது. மனைவி படுக்கையில் சாய்ந்துகொண்டு, வயது போன காலத்தில் மாப்பிள்ளை ஆகிறேன் என்று நக்கலடித்தாள். ரயருக்காகத்தான் ஓடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

வாத்தியாரும் கடைக்காரரும் தங்களுக்குள் கதைத்து, இவன் முன்னுக்குப் போகட்டும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதை என் காதில் விழவும் வைத்தார்கள். ஆனால் ரெயில் கார்டை வெல்லுவது என்னால் ஆகாத காரியம். மெலிந்த மனிசன், காற்றுப் போல ஓடுவார். அவருக்கு ரயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெட்கத்தை விட்டு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். அண்ணை, போட்டியண்டைக்கு மட்டும் கொஞ்சம் பிந்தி வாருங்கோவன் என்றேன். அவர் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு இருந்தார்.

"ரயர் வேணுமெண்டால் கேளும் தம்பி, தாறன். ஓட்டத்தைக் கேளாதையும்" என்றார்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. பிச்சை எடுக்க வரவில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அவருடைய ஒரே மகனை முன்பு ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது ஊருக்கே தெரிந்த விஷயம். பிறகு தகவலே இல்லை. ஆனால் அன்று அவர் சொன்னதை நான் அதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

"பெடியனை ஏத்தின லொறிக்குப் பிறத்தாலை சந்தி மட்டும் ஓடினனான். அதிலை மூச்சு முட்டி நிண்டிட்டன். அவன் என்னைப் பாத்துக்கொண்டு போறான், நான் நிக்கிறன். இனி நான் ஒருத்தருக்காகவும் நிக்க மாட்டன்."

ஓடி அந்த லொறியைப் பிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓடினார்.

போட்டியைக் குண்டு போடுகிற பொம்பர் வருவதற்கு முன் முடிக்கவேண்டும் என்று விடியவே தொடங்கினார்கள். ஒலிபெருக்கி இல்லை, ஒருவர் வாயாலேயே கத்தினார். பார்க்க வந்தவர்களில் பெண்களும் கிழவர்களும்தான் அதிகம். வெடிச்சத்தத்துக்குச் சனம் கலையும் என்று கையைத் தட்டி ஓட்டத்தைத் தொடக்கினார்கள். வாத்தியாரும் கடைக்காரரும் சொன்னபடி பின்னுக்கு நின்றார்கள். நான் என் உயிரைக் கொடுத்து ஓடினேன். கடைசிச் சுற்றில் ரெயில் கார்டின் முதுகு எனக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அந்த முதுகு நிற்கவேயில்லை. அவர் முதலாவது, நான் இரண்டாவது. இரண்டாம் பரிசு உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி ஒன்று.

முதற் பரிசை வாங்கிய ரெயில் கார்ட் நேரே வந்து அந்த இரண்டு ரயரையும் என் தோளில் கொளுவிவிட்டுப் போனார். சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வேறு நாளென்றால் கழற்றி எறிந்திருப்பேன். சேலைத் தலைப்பை நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இரண்டாவதாக வந்தவருக்கு முதற் பரிசோ, நல்ல நியாயம் என்று சிரித்த மனைவி, சவர்க்காரத்தை வாங்கி மணந்து பார்த்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை மானிப்பாய்க்குப் போகும்போது சைக்கிள் துள்ளவில்லை. திருநெல்வேலி தாண்டியும் பின்னால் ஒரு சத்தமும் இல்லாததால் பயந்து திரும்பிப் பார்த்தேன். தலைப்பு தோளில் கிடந்தது. "பஸ்ஸிலை போற மாதிரிக் கிடக்கு" என்றாள். ஒரு ட்ரைவருக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

ரயர் கிடைத்துவிட்டது, இனி எனக்கு என்ன ஓட்டம் என்று மற்ற நாள் விடிய படுத்துக் கிடந்தேன். அவள் விடவில்லை.

"என்ன, ஓடப் போகேல்லையோ?"

"இனி என்னத்துக்கு?"

"பழகினதை விடாதேங்கோ. வாற வருசம் முதலாவதா வரோணும். எழும்புங்கோ."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மனைவிக்கு நான் வெல்லுவதைப் பார்க்க ஆசை என்று நினைத்தேன். அதற்காகவே போய் இன்னும் உசாராக ஓடினேன். ஒரு நாள் மழைக்குப் போகாமல் இருக்கப் பார்த்தேன். அவள் எரிந்து விழுந்தாள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு நாள் விடிய ஹெலி ஒன்று வந்து தாழப் பறந்து சுற்றத் தொடங்கியது. நாங்கள் கலைந்து ஓடினோம். வழக்கமான நேரத்துக்கு வெகு முன்னமே எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்கு வந்துவிட்டேன். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது. மற்றப் பக்கம் வாழைத் தோட்டம். அந்த வெறும் ஒழுங்கையில் ஒரு சத்தம் கேட்டது. பசு கன்று போடுகிறதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம், அம்மா, என்ரை அம்மா, என்னாலை ஏலாதம்மா என்று கத்தியது.

படலையில் கை வைத்தபடி நின்றேன். கொஞ்சம் நோகுது என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனிசி. இரவெல்லாம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், ஒரு முனகல் கேட்டதில்லை. எல்லாவற்றையும் அடக்கி அடக்கி வைத்து, நான் ஓடப் போகிற நேரத்தில் வாய்விட்டு அழுதிருக்கிறாள். என்னைப் போகச் சொல்லிக் கலைத்தது இதற்குத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் படலையை உதைத்து உள்ளே போயிருப்பேன். போய் என்ன செய்வது? கையில் மருந்தா இருக்கிறது? நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்தால் அந்த ஒரு நேரத்தையும் அவள் விட்டுவிடுவாள். பிறகு எங்கே போய் அழுவாள்? மேலே ஹெலி நின்று இரைய இரைய, வந்த வழியே திரும்பி ஓடினேன்.

அன்றிலிருந்து ஒரு நாளும் ஓடாமல் விட்டதில்லை. மழை, வெயில், ஷெல் எதற்கும் நிற்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் ஓடினேன். திரும்பி வரும்போது படலையடியில் பலமாக இருமுவேன். உள்ளே தகரப் பேணியில் தண்ணீர் சலசலக்கும், முகம் கழுவுகிறாள் என்று விளங்கும். அது அடங்கிய பிறகுதான் படலையைத் திறப்பேன். எத்தனை சுற்று ஓடினீர்கள் என்று கேட்பாள். வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லுவேன். கெட்டிக்காரர் என்பாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. மனிசி சாகக் கிடக்கிறாள், உவர் கப் எடுக்க ஓடுகிறார் என்று சனம் கதைத்தது. முகத்துக்கு நேரேயும் ஒருத்தி சொன்னாள். சும்மா விடுகிற ஆள் இல்லை நான். ஆனால் அன்று அவளைத் தாண்டி ஓடிப்போனேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட நாட்கள். மானிப்பாய்க்குக் கொண்டு போவதை நிறுத்தியிருந்தோம், கரியரில் இருக்க அவளால் முடியவில்லை. அன்று விடிய, போயிட்டு வாறன் என்றேன். கண்ணால் போகச் சொன்னாள். வெளியெல்லாம் வெள்ளம், ரெயில் கார்டும் நானும் மட்டும் சகதிக்குள் ஓடினோம். நனைந்து வந்து படலையடியில் இருமினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. மழை இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று திரும்பவும் இருமினேன். இன்னும் அழுது முடியவில்லைப்போல, பாவம், நேரம் கொடுப்போம் என்று ஒழுங்கை முடிவுவரை ஓடித் திரும்பி வந்தேன். அதன் பிறகுதான் உள்ளே போனேன்.

அவள் கை இன்னும் சூடாக இருந்தது. முகம் கண்ணீரும் எச்சிலுமாகக் கிடந்தது, கழுவுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பேணித் தண்ணீரை எடுத்து நான் கழுவிவிட்டேன். துவாயால் துடைத்து, தலைமயிரையும் சீப்பால் இழுத்துவிட்டேன். வேறு ஒருவரும் பார்ப்பதற்கு முன் அதைச் செய்து முடிக்கவேண்டும் என்பதே அப்போது என் அவசரமாக இருந்தது.

பிறகுதான் போய்ச் சொன்னேன். பெண்கள் வந்தார்கள், தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். முகத்தைப் பார், நித்திரை கொள்ளுகிற மாதிரி என்று ஒருத்தி சொன்னாள். என்னை முகத்துக்கு நேரே திட்டியவள்தான். "நோகுதெண்டு ஒரு நாளும் வாய் திறக்காத மனிசி. ஒரு சத்தமும் இல்லாமல் போயிட்டா, என்னண்ணை?" என்று என்னைக் கேட்டாள்.

ஓம் என்றேன்.