நகச்சுற்று

எண்பதுகளின் நடுப்பகுதியில் மாத்தளையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். புண்ணிலிருந்து எடுத்த சீழைத் தட்டில் தடவி, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பதே என் வேலையில் பாதி. எங்கள் டொக்டர் சிங்களவர், அதிகம் பேசாதவர். மாவட்டத்தில் எங்கே ஆறாத புண் இருந்தாலும் மாதிரி எடுத்து வரச் சொல்லி, ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற ஒரே கிருமியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். முன்பு பெனிசிலினுக்குச் சட்டென்று செத்துப்போன கிருமி அது. எங்கள் தட்டுகளில் பெனிசிலின் வில்லையை உரசிக்கொண்டே வளர்ந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே மிச்சச் சோற்றுப் பார்சல்கள், வாந்தி பிடித்த போத்தல்கள், கிணற்றுத் தண்ணீர். முதல் நாள் நாவுலவுக்கு அப்பால் ஒரு சிங்களக் கிராமத்தில் ஊர் கூடிக் குளம் துப்புரவாக்கும் சிரமதானம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒருவர்பின் ஒருவராக வாந்தி எடுத்து விழுந்திருக்கிறார்கள். டிரக்டர் பெட்டியில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கிணற்றில் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

குளத்து வேலையைப் பார்க்க வந்திருந்த நீர்ப்பாசன உத்தியோகத்தர் தமிழர். காலையில் அவர் சமையலுக்குத் தண்ணீர் அள்ளும் கிணற்றுக்குள் கயிற்றில் எதையோ இறக்கி எடுத்ததை ஆட்கள் பார்த்திருந்தார்கள். மத்தியானம் அவர் சோற்றுப் பார்சலைத் தொடவில்லை. அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்தில் ஒரு மனிதனை முடிக்க அது போதும். கூட்டம் கூடுவதற்குள் பொலிஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. பாதுகாப்புக்கு என்றார்கள். ஆனால் விடவில்லை.

பதினொரு மணிபோல அவருடைய மனைவி ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றார். கோயிலில் கண்டு பழக்கம்.

"அக்கா, தண்ணி மட்டம் பாக்கத்தான் அளவுக் கயிறு விட்டாருங்க. வேற ஒண்ணும் இல்ல."

"சாப்பாடு ஏன் வேணாம்னாரு?"

"நேத்து வெள்ளிக்கிழமைதானே. மீன், இறைச்சின்னு மச்சம் எதுவும் தொட மாட்டாரு. பார்சல்ல முட்டை இருந்திருக்கு." அழுகையை அடக்கிக்கொண்டார். "வெள்ளிக்கிழமைன்னா என்னான்னு அங்க யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அவரை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஊகம் எனக்கு இருந்தது. சாப்பிட்ட வேகத்தில் வாந்தி வருவதும், மறுநாளே எழுந்து உட்காருவதும் நஞ்சைவிட அந்தக் கிருமி உணவில் விட்டுவைக்கும் விஷத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் என் ஊகத்தை யார் கேட்பார்கள்? நானும் தமிழ்தானே.

அந்தக் கிருமி மஞ்சளாக வளரும் உப்புக் கலந்த தட்டுகளில் எல்லாவற்றையும் தடவி வைத்தேன். மறுநாள் ஞாயிறு. டொக்டரும் வந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் ஒன்றும் இல்லை. சோற்றில் கொஞ்சம். முட்டைத் தட்டு முழுக்க மஞ்சள் பொட்டுகள். நுணுக்குக்காட்டியின் கீழே ஊதா நிறத்தில் திராட்சைக் குலைபோலக் கிருமிகள். அந்தக் கிருமியானால் இரத்தப் பிளாஸ்மாவை உறையவைக்கும் என்பதால் பிளாஸ்மாவில் கலந்து வைத்தோம். மத்தியானத்துக்குள் குழாயில் பிளாஸ்மா உறைந்து ஜெலியாக நின்றது. சந்தேகமே இல்லை, எங்கள் பழைய ஆள்தான்.

நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். டொக்டர் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுல நான் மட்டும் கையெழுத்துப் போடுறேன், மிஸ்," என்றார் சிங்களத்தில்.

"சோதனை செஞ்சது நான், டொக்டர்."

"தெரியும். உங்க பேர் இருந்தா, வாசிக்கிறவங்க பேரை மட்டுந்தான் வாசிப்பாங்க."

அவர் சொன்னது சரி. சரி என்பதால்தான் இன்னும் சுட்டது. தட்டில் வளர்வதற்கு யார் தடவினார்கள் என்று தெரியாது. தாளில் ஏறியதும் அதற்கு ஓர் இனம் வந்துவிடுகிறது. பேனாவை மூடி வைத்தேன்.

அன்று பின்னேரம் பரிசோதகர் சமைத்த பெண்களைக் கூட்டிவந்தார். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி பெருவிரலில் எலுமிச்சம்பழம் மாட்டியிருந்தாள். கழற்றச் சொன்னேன். நகச்சுற்று. நகத்தோரம் வீங்கிப் பழுத்து மஞ்சள் கட்டியிருந்தது. அவித்த முட்டையை உரித்து, நூலால் பாதியாக அறுத்து, பார்சல்களில் வைத்தது அவள்தான். சூட்டோடு கட்டிய பார்சல்கள் வெயிலில் மத்தியானம்வரை கிடந்திருக்கின்றன.

பஞ்சுக்குச்சியால் சீழை எடுக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டாள்.

"நோனா, தண்ணியில நஞ்சு இல்லையா?"

"இல்லை. முட்டையிலதான் கிருமி."

"என் கையிலிருந்தா?"

"இன்னும் தெரியாது. நாளைக்குத் தட்டு சொல்லும். இந்தக் கிருமி நிறையப் பேர் மூக்குல சும்மா இருக்கும். படிக்கிற காலத்துல என் மூக்குலயிருந்தே எடுத்து வளர்த்திருக்கேன்."

நான் ஆறுதலுக்காகச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

"தட்டு சொல்ற வரைக்கும் அந்தக் குளத்து மாத்தயா உள்ளுக்கா இருக்கணும்? சோறு வேணாம்னு சொன்னதுக்கு நான்தானே அவருக்கு வாழைப்பழம் கொடுத்தேன். நல்லாத்தான் சாப்பிட்டாரு."

இதைப் பொலிசில் சொன்னாயா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றாள். பிறகு, கேட்டிருந்தாலும் பயத்தில் சொல்லியிருக்க மாட்டேன் என்றாள். எலுமிச்சம்பழத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

டொக்டரின் அறிக்கையோடு பரிசோதகர் பொலிஸ் நிலையம் போனபோது அவளும் அதே ஜீப்பில் ஏறினாள். அங்கே நடந்ததைப் பரிசோதகர் பிறகு சொன்னார். பொறுப்பதிகாரி அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் மேசைமேல் கையை வைத்து, "அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. முட்டை உரிச்ச விரல் இதுதான்," என்றிருக்கிறாள். இருட்டுவதற்குள் அந்த மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

திங்களன்று அவள் விரலின் தட்டும் மஞ்சளாகியது. அடுத்த நாள் மருந்து வில்லைகள் வைத்துப் பார்த்தபோது, முட்டைக் கிருமி எந்தெந்த மருந்துக்கு மசியவில்லையோ, அதே மருந்துகளுக்கு இதுவும் மசியவில்லை. கிளொக்சசிலின் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். டொக்டர் அதையே அவளுக்கு எழுதிக் கொடுத்தார்.

உத்தியோகத்தர் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். அவர் மனைவி விடைபெற வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுகூடம் கண்டுபிடிக்க முடியாத நஞ்சும் இருக்கிறது என்று அந்த ஊரில் சிலர் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படி நம்புகிறவர்களுக்குக் காட்ட எங்களிடம் தட்டு எதுவும் இல்லை.

முட்டை உரித்தவள் மருந்து கட்ட வந்துபோனாள். கடைசி முறை வந்தபோது நகம் விழுந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாய் வந்திருந்தது. ஊரில் இப்போது சமைக்கக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன்.

"இல்ல நோனா. என் கைச் சோறு வேணாமாம்."

"கோவமா இருக்கா?"

விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "முதல்ல இருந்திச்சு. இப்ப தோட்டத்துல கத்தரி நட்டிருக்கேன். கத்தரிக்காய வாங்க மாட்டேன்னு யாரும் சொல்லலையே," என்று சொல்லிவிட்டு, நாவுல பஸ் வந்துவிடும் என்று எழுந்தாள்.