முப்பதாவது கிலோமீற்றரில் ஒரு மோட்டார் சைக்கிள்

இன்று காங்கேசன்துறைக் கடற்கரை வீதியில் மாரத்தான் ஓடினேன். வெளிநாட்டுப் பயணிகளும் நிறையப் பேர் ஓடினார்கள்.

முப்பதாவது கிலோமீற்றரில் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டு அண்ணை ஒருவர் மோட்டார் சைக்கிளோடு நின்றார். என்னோடு ஓடி வந்த ஜெர்மன்காரிக்குக் கைதட்டி இளநீர் நீட்டினார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

“பிள்ளை, ஏன் உந்த வெயிலுக்கை ஓடுறாய்? மோட்டச்சைக்கிளிலை ஏறு, வீட்டை விடுறன்.”

நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தைக் காட்டினேன். “அண்ணை, நானும் போட்டியிலைதான் ஓடுறன்!”

“அவை ஊர் பாக்க வந்தவை, ஓடுகினம். நீ பாக்காத ரோட்டே இது?”

ஐந்து மாதம் விடிய எழும்பி, இதே வீதியில் ஓடிப் பழகியவள் நான்!

ஜெர்மன்காரி இளநீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைத் தாண்டி ஓடினாள்.

சொந்த ஊரில் ஓர் இளநீர் கிடைக்க நான் எந்த நாட்டிலிருந்து வந்திறங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.